கரி மையில் ஒரு முகம்

கறுப்பு மையில் தண்ணீர் ஊற்றினால் சாம்பல் நிறம் வந்துவிடும், இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைத்துத்தான் இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் இறங்கினேன். வீட்டில் ஒரு பழைய இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தது. ஆறு வண்ண மை போடுகிற ரகம். வண்ணங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கரியிலிருந்து செய்த கறுப்பு மையை மட்டும் ஓர் இடத்தில் அப்படியே ஊற்றி, மற்ற ஐந்து இடங்களிலும் அதே மையை வெவ்வேறு அளவுக்கு நீர்க்கச் செய்து ஊற்றினால், கறுப்பு வெள்ளைப் படங்கள் பிரமாதமாக வரும் என்று எங்கோ படித்தேன். சாதாரணப் பிரிண்டர் எல்லா வண்ணங்களையும் கலந்து சாம்பல் நிறத்தை ஒப்பேற்றும். உற்றுப் பார்த்தால் ஒரு மூலையில் பச்சையும் இன்னொரு மூலையில் ஊதாவும் இளித்துக்கொண்டு நிற்கும். கரி மையில் அந்தப் பித்தலாட்டம் கிடையாது. தவிர, கரி வெளுக்காது. நமக்குப் பிறகும் படம் இருக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து பிறர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அந்தப் புத்தி வீட்டிலும் தொடர்கிறது என்பது என் மனைவியின் புகார். அவள் அடையாறில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். நான் மந்தைவெளி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, இருமல் மருந்து மூடியில் மையை அளந்து, மேலே கேன் தண்ணீரை விட்டுக் கலக்கியதை முதல் நாள் அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"கண்ணளவுல கலக்கறதுக்கு இது என்ன ரசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. குடிக்கிற தண்ணீர்தானே, நமக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிரிண்டருக்கு மட்டும் என்ன கேடு என்று வாதாடினேன். நாலே நாளில் மை தெளிக்கும் துளைகள் அடைத்துக்கொண்டு, படம் முழுக்கக் கோடு கோடாக வந்தது. அவள் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மறுநாள் பள்ளி விட்டு வரும்போது ஐந்து லிட்டர் காய்ச்சி வடித்த நீரும், ஒரு சீசா கிளிசரினும், தபால் தலையைக்கூட எடை போடக்கூடிய ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசும் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் எடைக் கணக்குதான். முதலில் நீரும் கிளிசரினும் மற்ற சில்லறைச் சமாச்சாரங்களும் சேர்ந்த நிறமில்லாத திரவம். அதில் நூறு கிராமுக்கு முப்பது கிராம் மை சேர்ந்தால் ஒரு சீசா, பதினெட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. ஆறாவது, தண்ணீர் காட்டாத முழுக் கறுப்பு. இருமல் மருந்து சீசாக்களில் அவள் கையெழுத்தில் லேபிள் ஒட்டியிருக்கும். இரண்டு கிராம் சீசாவுக்கு அவள் வைத்த பெயர் மூணாம் டிகாஷன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகள் எங்களுக்கு இப்படித்தான் போயின. அவள் ஒரு பக்கம் விடைத்தாள் திருத்துவாள், நான் ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டுத் தராசின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சொட்டு அதிகமாகிவிட்டால் நான் கத்துவேன். அவள் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு வந்து, மற்றதை எவ்வளவு கூட்டினால் சரியாகும் என்று மனக்கணக்கில் சொல்வாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த காரியங்களில் இதில்தான் சண்டை குறைவு.

கரி மையில் ஒரு தொல்லை உண்டு. கரித் தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கத்தான் செய்யும். சும்மா வைத்தால் அடியில் தங்கிவிடும். அதனால் தினமும் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் ஆறு சீசாக்களையும் குலுக்கிவிட்டுப் போவேன். ஒரு நாள் மூடியைச் சரியாகத் திருகாமல் குலுக்கியதில் முழுக் கறுப்பு என் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து பாக்கெட் வரை அடித்துவிட்டது. எலுமிச்சை, சோப்பு, ப்ளீச்சிங் பவுடர், எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

தெருமுனையில் புங்க மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. ரொம்ப வருஷமாகக் கணவனும் மனைவியுமாக அங்கே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு சைதாப்பேட்டையில் ஆற்றோரம். கால்சட்டையில் இரட்டை மடிப்பு விழுந்துவிட்டது என்று மாதம் ஒரு தடவையாவது நான் அவரிடம் போய்ச் சண்டை போடுவேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. நான் கத்தக் கத்தச் சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்க்கத்தான் நான் போனேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சட்டையை விரித்துப் பார்த்தார். கட்டை விரலால் கறையைத் தேய்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது கரி சார். கயுவுனாலும் போவாது, வெளுத்தாலும் போவாது. இந்தா, என் கையப் பாரு."

உள்ளங்கை ரேகைகளில் எல்லாம் கரி ஏறியிருந்தது. அந்த மையை எங்கிருந்தோ வரவழைக்கிறேன் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு மூட்டை கரி கிடக்கிறது, வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னார். அவர் மனைவி அந்தம்மாவும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

கொஞ்ச நாளில் ஆற்றோர வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து அதே மரத்தடியில் தேய்த்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காமிராவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் காமிராவைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டு நின்றார். சரி என்று வழக்கம்போல இரட்டை மடிப்பைப் பற்றிக் கத்தினேன். சிரித்தார். எடுத்தேன். வெயிலில் மடித்து அடுக்கிய வெள்ளை வேட்டிகள், மர நிழலில் அவர் முகம், கையில் பெட்டி.

பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். இரண்டு தடவை கேட்டார். ஒரு தடவை பேப்பர் வரவில்லை என்றேன், ஒரு தடவை மை சரியில்லை என்றேன். உண்மை என்னவென்றால், கோயில் குளத்துப் படிக்கட்டுகளை ஒரு கண்காட்சிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் படத்தைத் தள்ளிப் போட்டேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. ஒரு நாள் வண்டி மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. பஸ்ஸிலேயே மார்வலி வந்து போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஒரு மாதம் கழித்து அந்தம்மா மட்டும் வந்து தார்ப்பாயை அவிழ்த்துப் பெட்டியில் கரி போட்டார். அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்து போன நாட்கள் உண்டு.

முதல் வருஷத் தெவசத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்தம்மா துணி மூட்டையோடு மாடி ஏறி வந்தார். துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். சார் அன்றைக்கு எடுத்தாரே ஒரு படம், அது இருக்கிறதா என்று என் மனைவியிடம்தான் கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னார். மகன், ஏசி மெக்கானிக், அப்பாவின் அடையாள அட்டைப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறானாம். கோட்டு, டை, பின்னால் நீலத் திரை. முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, கன்னத்தில் ரோஸ்கூடப் போட்டிருக்கிறார்களாம்.

"பாக்க நல்லாத்தான் கீது சார். ஆனா அது அவுரு இல்ல. வெளக்கேத்திட்டு ரெண்டு வார்த்த பேசலாம்னு ஒக்காந்தா வாயே வரல. வேற ஆம்பள மூஞ்சியப் பாத்து நான் இன்னாத்தப் பேசறது?"

ஒரு வருஷமாக அவரோடு பேசவே இல்லை என்றார். தெவசத்தன்றைக்காவது பேச வேண்டும், அதற்கு ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டேன். வேட்டிகள் அபாரமாக வந்தன. ஒவ்வொரு மடிப்பும், மடிப்பின் நிழலும், நூலின் ஓரமும் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குழி. பல் மட்டும் தெரிந்தது. சரி, இது ஒரு பெரிய விஷயமா என்று கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். இன்னும் கொஞ்சம். மீசை வந்தது, கண் வந்தது, சிரிப்பு வந்தது. எனக்கு ஒரே பெருமை. மனைவியிடம் காட்டினேன். "ம்" என்றாள். அவள் 'ம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை படத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அந்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரத்தில் பிடித்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி பேப்பரில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, கோபமில்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சார், கருப்பா கீறவங்களுக்கு கருப்பா படம் வராதா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த நிமிஷம் அவர் மேல்தான் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து, செருப்பை உதறிவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும், நிழலில் இருக்கிற முகத்தை இப்படித்தான் கொண்டுவர முடியும் என்று மனைவியிடம் கத்தினேன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் தலை பின்னுவதை நிறுத்தவில்லை.

"அவ சரியான கேள்விதான் கேட்டிருக்கா. அதுக்குப் பதில் சொல்லுங்கோ. என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?"

அன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு சீசாக்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டை அச்சடிப்பது வழக்கம். பேப்பரின் வெள்ளையில் தொடங்கி முழுக் கறுப்பு வரை இருபத்தொரு கட்டங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு மாத்திரை இருட்டாக இருக்க வேண்டும். என்னுடைய பட்டையில் வெள்ளைப் பக்கத்துக் கட்டங்கள் அவ்வளவு அழகாகப் படியிறங்கும். கடைசி ஐந்து கட்டங்கள் மட்டும் பிரித்தறிய முடியாமல் ஒரே கறுப்பு அப்பலாக இருக்கும். இதை நான் வருஷக் கணக்காகப் பார்த்திருக்கிறேன். சரி செய்ததில்லை, ஏனென்றால் என் படங்களில் அங்கே யாரும் இல்லை. மார்கழிக் கோலம், குளத்துப் படி, கடற்கரை மணல், எங்கள் வீட்டு மனிதர்கள். எல்லாம் வெளிச்சப் பக்கத்துச் சரக்கு. வெளுப்பை நுணுக்கமாகக் காட்ட எனக்குப் பதினெட்டு, ஒன்பது, ஆறு, இரண்டு என்று நான்கு சீசா இருந்தது. முழுக் கறுப்புக்கும் முப்பதுக்கும் நடுவே ஒன்றுகூட இல்லை. ஒரு மனிதரின் முகம் முழுக்க அந்த நடுவில்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரன் ரோஸ் போட்டதற்கும் நான் வெளிச்சம் போட்டதற்கும் என்ன வித்தியாசம்? அவன் தெரிந்து செய்தான், நான் என்னைக் கலைஞன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் பட்டையைக் காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிரிண்டரில் ஆறு இடம்தான், ஒன்றை வைக்க வேண்டுமானால் ஒன்றை எடுத்தாக வேண்டும் என்றேன். எதை எடுப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியும். மூணாம் டிகாஷன் என்று அவள் பெயர் வைத்த இரண்டு கிராம் சீசாவை எடுத்து ஓரமாக வைத்தாள். அதுதான் வேட்டியின் மடிப்பைக் கொண்டுவந்த மை. வேட்டி போனால் போகட்டும் என்றேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததை வேறு யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். அந்தத் துளைகளில் தங்கியிருந்த வெளிறிய மை போகும்வரை நிறமில்லாத திரவத்தால் கழுவினோம். முதலில் எழுபது கிராம் சேர்த்தோம். முழுக் கறுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தைந்தில் கலந்தால் பட்டையில் ஒரு தாவல் விழுந்தது. ஐம்பத்தைந்தில் கலந்து, ஒரு நாள் உலரவிட்டு, பட்டையை ஸ்கேனரில் வைத்துப் பார்த்தோம். கடைசி ஐந்து கட்டங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தனித்தனியாக நின்றன. அவள் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். கையில் மை இருப்பதை அவள்தான் நினைவுபடுத்தினாள்.

தெவசத்துக்கு மூன்று நாள் முன்பு படத்தைப் போட்டேன். எதையும் வெளிச்சமாக்கவில்லை. காமிரா என்ன பார்த்ததோ அதுதான். நான் வாங்கும், பருத்திப் பஞ்சில் செய்த காகிதத்தில் கரி மை இலேசாகக் காப்பி நிறம் காட்டும். அதை ஒரு குறை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முகம் மேலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. நெற்றியில் வியர்வையின் பளபளப்பு, கண்ணுக்குக் கீழே சுருக்கம், ஒரு வாரத்து நரைத்த தாடி, கன்னம் மடிகிற இடத்தில் இன்னும் ஒரு கறுப்பு. வேட்டிகள் சொரசொரவென்றுதான் வந்திருந்தன. முகத்தை விட்டுக் கண் அங்கே போகவில்லை.

"இப்பத்தான் நம்மளப் பாத்துச் சிரிக்கறார்" என்றாள் மனைவி.

மயிலாப்பூரில் கண்ணாடிச் சட்டம் போட்டு, தெவசத்தன்று காலை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பெரும்பாக்கத்துக்கு பஸ் ஏறினோம். தினமும் இந்தத் தூரத்தை எதிர்த்திசையில் வந்தவருக்குத்தான் நான் பேப்பர் வரவில்லை என்று கதை சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்தது மகன். முப்பது வயது இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னான். சுவரில் கோட்டும் டையுமாக ஒருவர் மாலையோடு இருந்தார். அந்தம்மா உள்ளே அடுப்படியில் இருந்தார். நான் பேப்பரைப் பிரித்துச் சட்டத்தை மகனிடம் கொடுத்தேன். அவன் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார், எங்கப்பாவ இவ்ளோ கருப்பா போட்டுக்கீறீங்க. சொந்தக்காரங்கல்லாம் வருவாங்க சார்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நல்லவேளை, பிடித்தாள். அந்தப் பையன் சொன்னதில் தப்பு என்ன? அப்பா நாலு பேர் முன்னால் மதிப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். கறுப்பு மதிப்பில்லை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தம்மா சத்தம் கேட்டு வந்தார். சட்டத்தை வாங்கவில்லை. மகன் கையில் இருக்கும்போதே எட்டிப் பார்த்தார். மெதுவாக, "உன் கைய அது பக்கத்துல வெச்சுப் பாரு" என்றார்.

அவன் புரியாமல் பார்த்தான். வை என்றார் மறுபடி. அவன் சட்டத்தை மடியில் வைத்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, கையைக் கண்ணாடி மேல் அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. குனிந்த தலை நிமிரவும் இல்லை. அவன் தோள் குலுங்கியபோது என் மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கோட்டுப் படத்தை ஆணியிலிருந்து அவனேதான் எடுத்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நின்றபோது, "அதுவும் இருக்கட்டும். நீ ஆசையாப் பண்ணது. உன் பீரோ மேல வெச்சுக்கோ" என்றார் அந்தம்மா. புதுப் படத்தை மாட்டி, கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலையை மாற்றினார்கள். இலை போட்டு அவருக்குப் பிடித்ததை எல்லாம் பரிமாறி, காக்கைக்கு வைத்துவிட்டு வந்தான் மகன். இனி எல்லாரும் சாப்பிட உட்கார வேண்டியதுதான்.

அந்தம்மா விளக்கேற்றிவிட்டுப் படத்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாயா, ஒரு வருசமா எங்க போயிருந்த?"

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். வண்டிச் சக்கரம் உடைந்தது, மகளுக்குப் பெண் பிறந்தது, பஸ்ஸில் தினமும் அவர் சாய்ந்த அந்த நிறுத்தம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அந்தம்மாவை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.